ஏழாம் இடத்தின் 790 புள்ளிகள்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குத் தரப்பட்ட தலைப்பு 'மதிப்பீடு'. வளரறி மதிப்பீட்டுப் பதிவேட்டையும் தொகுத்தறி மதிப்பீட்டுப் படிவத்தையும் இவர் எடுத்து வைப்பார் என்று நினைத்திருப்பீர்கள். நான் எடுத்து வந்திருப்பது ஒரு விளையாட்டுப் போட்டியின் மதிப்பெண் பட்டியலை. கணித ஆசிரியருக்கு விளையாட்டுத் திடலில் என்ன வேலை என்று உடற்கல்வி ஆசிரியர்கள் சிரிப்பது தெரிகிறது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். கணக்கோடுதான் வந்திருக்கிறேன்.

2018ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28, 29 ஆகிய நாட்களில், இந்தோனேசியத் தலைநகர் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் மகளிர் ஹெப்டத்லான் நடந்தது. ஹெப்டத்லான் என்றால் ஏழு போட்டிகள் சேர்ந்த ஒரே போட்டி. முதல் நாள் 100 மீட்டர் தடை தாண்டும் ஓட்டம், உயரம் தாண்டுதல், குண்டு எறிதல், 200 மீட்டர் ஓட்டம். இரண்டாம் நாள் நீளம் தாண்டுதல், ஈட்டி எறிதல், கடைசியாக 800 மீட்டர் ஓட்டம். ஏழுக்கும் தனித்தனிப் பதக்கம் கிடையாது. புள்ளிகளைக் கூட்டிப் பார்த்து, மொத்தத்தில் முதலில் நிற்பவருக்கே தங்கம்.

அந்தத் தங்கத்தை வென்றவர் மேற்கு வங்கத்தின் ஜல்பைகுரி மாவட்டத்தைச் சேர்ந்த ஸ்வப்னா பர்மன். தந்தை ரிக்‌ஷா ஓட்டியவர்; நோயால் படுக்கையில் விழுந்தவர். தாய் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர். ஆசிய விளையாட்டுப் போட்டியின் ஹெப்டத்லானில் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கித் தந்த முதல் பெண் இவர்தான். பல் வலியால் கன்னத்தில் பட்டை ஒட்டிக்கொண்டு அவர் போட்டியிட்ட படத்தை நாளிதழ்களில் பார்த்திருப்பீர்கள்.

இப்போது அவருடைய மதிப்பெண் பட்டியலைப் பார்ப்போம்.

100 மீட்டர் தடை தாண்டும் ஓட்டம் 13.98 விநாடி, 981 புள்ளிகள். உயரம் தாண்டுதல் 1.82 மீட்டர், 1003 புள்ளிகள். குண்டு எறிதல் 12.69 மீட்டர், 707 புள்ளிகள். 200 மீட்டர் ஓட்டம் 26.08 விநாடி, 790 புள்ளிகள். நீளம் தாண்டுதல் 6.05 மீட்டர், 865 புள்ளிகள். ஈட்டி எறிதல் 50.63 மீட்டர், 872 புள்ளிகள். 800 மீட்டர் ஓட்டம் 2 நிமிடம் 21.13 விநாடி, 808 புள்ளிகள். மொத்தம் 6026.

வெள்ளி வென்ற சீனாவின் வாங் சிங்லிங் பெற்றது 5954. வித்தியாசம் 72 புள்ளிகள்.

இந்தப் பட்டியலை என் ஒன்பதாம் வகுப்புக் குழந்தைகளுக்குக் கூட்டல் கணக்காகக் கொடுத்தேன். புள்ளிகளைத் தராமல், முதலில் இடங்களை மட்டும் கரும்பலகையில் எழுதினேன். உயரம் தாண்டுதலிலும் ஈட்டியிலும் முதலிடம். குண்டு எறிதலிலும் நீளம் தாண்டுதலிலும் இரண்டாமிடம். 800 மீட்டரில் நான்காமிடம். 200 மீட்டரில் ஏழாமிடம். "இவற்றில் மிகக் குறைந்த புள்ளி எதற்குக் கிடைத்திருக்கும்?" என்று கேட்டேன். "200 மீட்டர் சார்" என்று வகுப்பே ஒரே குரலில் சொன்னது.

பிறகு புள்ளிகளை எழுதினேன். இரண்டாமிடம் பெற்ற குண்டு எறிதலுக்கு 707. ஏழாமிடம் பெற்ற 200 மீட்டருக்கு 790. வகுப்பு அமைதியாகிவிட்டது. பின் வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "அப்போ ஏழாவதா வந்தாலும் நல்லா ஓடினதா அர்த்தமா சார்?"

மதிப்பீடு பற்றி நான் படித்த எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் இவ்வளவு நல்ல கேள்வியைப் பார்த்ததில்லை.

ஹெப்டத்லானில் புள்ளி எப்படித் தரப்படுகிறது? உலகம் முழுவதற்கும் ஒரே அட்டவணை. 1.82 மீட்டர் உயரம் தாண்டினால் 1003. ஜகார்த்தாவில் தாண்டினாலும் அதுதான், ஒலிம்பிக்கில் தாண்டினாலும் அதுதான். பக்கத்தில் யார் தாண்டினார்கள், அவர் எத்தனையாவதாக வந்தார் என்பதை அட்டவணை கேட்பதில்லை. எவ்வளவு செய்தாய் என்று மட்டுமே கேட்கிறது. அந்த 200 மீட்டரில் ஸ்வப்னாவுக்கு முன்னால் ஆறு பேர் ஓடி முடித்தார்கள். ஆனாலும் அவர் ஓடிய வேகத்துக்கு உரிய 790 புள்ளிகள் அவருக்குச் சேர்ந்தன.

"எப்படியும் இது எனக்கு வராது" என்று அந்த ஓட்டத்தில் அவர் தளர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கணக்குப் போட்டுப் பார்த்தேன். 0.85 விநாடி கூடுதலாக எடுத்திருந்தால் 72 புள்ளிகள் குறைந்திருக்கும். முன்னிலை முழுவதும் கரைந்து போயிருக்கும். தங்கத்தைக் காப்பாற்றியதில் முதலிடம் வந்த ஈட்டிக்கு எவ்வளவு பங்கு உண்டோ, ஏழாமிடம் வந்த ஓட்டத்துக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

நம் வகுப்பறைக்கு வருவோம். தேர்வு முடிந்ததும் ரேங்க் போடுகிறோம். முப்பத்தெட்டாவது ரேங்க் வாங்கிய பிள்ளை போன பருவத்தில் 22 மதிப்பெண், இந்தப் பருவத்தில் 34. பன்னிரண்டு மதிப்பெண் ஏறியிருக்கிறான். மற்றவர்களும் ஏறியதால் ரேங்க் அசையவில்லை. அவன் வீட்டுக்குக் கொண்டுபோகும் செய்தி எது? 'முப்பத்தெட்டு' என்பதுதான். அந்தப் பன்னிரண்டு மதிப்பெண்ணை யாரும் அவனுக்குச் சொல்வதில்லை. மெல்லக் கற்போர் பட்டியலில் பெயர் சேர்ந்த பிறகு பல பிள்ளைகள் முயற்சியைக் கைவிடுவது சோம்பலால் என்று நான் நினைக்கவில்லை. முன்னேறியதை எடுத்துச் சொல்ல ஆளில்லாததும் ஒரு காரணம்.

ஹெப்டத்லானின் இன்னொரு விதி நமக்கு மிகவும் வேண்டியது. ஒரு போட்டியில் மூன்று வாய்ப்பும் தவறிப் புள்ளியே கிடைக்காவிட்டாலும் வீராங்கனை வெளியேற்றப்படுவதில்லை. அடுத்த போட்டிக்குப் போகலாம். ஆனால் ஒரு போட்டியில் கலந்துகொள்ளவே இல்லையென்றால், மீதிப் போட்டிகளில் இடமில்லை. இறுதிப் பட்டியலிலும் பெயர் வராது. தவறியவருக்கு இடம் உண்டு, வராதவருக்குத்தான் இல்லை.

2015ஆம் ஆண்டு பெய்ஜிங் உலக தடகளப் போட்டியில் இங்கிலாந்தின் கத்தரினா ஜான்சன்-தாம்சன் பதக்க நிலையில் இருந்தபோது, நீளம் தாண்டுதலில் மூன்று முறையும் தவறு செய்தார். புள்ளி எதுவும் இல்லை. பதக்க வாய்ப்பு போய்விட்டது. ஆனாலும் மீதிப் போட்டிகளை முடித்து 28ஆம் இடம் பெற்றார். நான்கு ஆண்டுகள் கழித்து, 2019இல் தோஹா உலகப் போட்டியில் 6981 புள்ளிகளுடன் தங்கம் வென்றார்.

நம் பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வில் இரண்டு பாடங்களில் தோற்ற பிள்ளை அடுத்த வாரம் வரவில்லை என்றால், அந்த முதல் மூன்று நாட்களில் யார் வீட்டுக்குப் போகிறோம் என்பதுதான் கேள்வி. தோற்ற மதிப்பெண்ணை அடுத்த தேர்வில் ஈடு செய்யலாம். வருகைப் பதிவேட்டில் பெயர் அடிக்கப்பட்ட பிறகு ஈடு செய்ய ஒன்றும் இருக்காது. பெண் பிள்ளைகள் விஷயத்தில் இது இன்னும் அவசரம். பள்ளியை விட்டு நிற்கும் பெண்ணுக்குத் திருமணப் பேச்சு எவ்வளவு சீக்கிரம் வரும் என்பது இங்குள்ள எல்லோருக்கும் தெரியும்.

கடைசியாக, காலணி பற்றி.

ஸ்வப்னாவுக்கு ஒவ்வொரு காலிலும் ஆறு விரல்கள். கடையில் கிடைக்கும் விளையாட்டுக் காலணிகள் ஐந்து விரல் பாதத்துக்காகச் செய்யப்பட்டவை. அவற்றில் பாதத்தைத் திணித்து, வலியோடுதான் ஓடினார், தாண்டினார். தங்கம் வென்ற பிறகு, தன் பாதத்துக்கு ஏற்ற காலணி கிடைத்தால் நன்றாக இருக்கும் என்று கேட்டார். பின்னர் அடிடாஸ் நிறுவனம் அவர் பாதத்துக்கென்றே காலணி செய்து கொடுத்தது.

காலணி தங்கத்துக்குப் பிறகுதான் வந்தது என்பதைக் கவனியுங்கள். வலியைத் தாங்கி வென்றார் என்று பாராட்டிவிட்டு நாம் நகர்ந்துவிடலாம். ஆனால் அதே வலியால் பதினான்கு வயதில் விளையாட்டை விட்ட பிள்ளைகளைப் பற்றி எந்த நாளிதழும் எழுதாது. கரும்பலகை எழுத்து தெரியாமல் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதும் சிறுவன், இடது கையால் எழுதுவதால் பெஞ்சின் ஓரத்தில் முட்டிக்கொள்ளும் சிறுமி, மாதவிடாய் நாட்களில் கழிப்பறையில் தண்ணீர் இல்லாததால் விடுப்பு எடுக்கும் மாணவி. இவர்கள் எல்லோரும் அளவு சேராத காலணியோடுதான் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். இவர்களுக்குத் தங்கத்துக்கு முன்பே காலணி தர நம்மால் முடியும். சில நேரம் அதற்கு ஒரு இருக்கையை மாற்றினால் போதும்.

எனவே உங்களிடம் சில வேண்டுகோள்கள். அடுத்த வளரறி மதிப்பீட்டுப் பதிவின்போது ஒவ்வொரு பிள்ளையின் மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் அவருடைய முந்தைய மதிப்பெண்ணையும் எழுதுங்கள். விடைத்தாள் கொடுக்கும்போது அந்த வித்தியாசத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். மூன்று நாள் தொடர்ந்து வராத பிள்ளையின் வீட்டுக்கு நான்காம் நாளே ஒருவர் போய்விட வேண்டும். மேலும், என் சக கணித ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை: பத்தாம் வகுப்பு உடற்கல்விப் பாடவேளையை 'ஸ்பெஷல் கிளாஸ்' என்று கேட்டு வாங்காதீர்கள். அங்கேதான் சில பிள்ளைகள் தங்கள் 1003 புள்ளிகளை எடுக்கிறார்கள்.

ஹெப்டத்லானில் ஓர் அழகான வழக்கம் உண்டு. 800 மீட்டர் முடிந்ததும் முதலிடம் வந்தவரும் கடைசியில் வந்தவரும் கைகோத்துத் திடலைச் சுற்றி வருவார்கள். ஏழு போட்டிகளையும் முடித்தவர்கள் என்பதே அந்தச் சுற்றுக்குப் போதுமான தகுதி. நம் வகுப்பிலிருந்தும் ஒரு பிள்ளையும் விடுபடாமல் அந்தச் சுற்றுக்கு வந்து சேர வேண்டும் என்பதுதான் என் ஆசை.