வழக்குரைக்க ஒருவர்

(விழா அரங்கில் நிகழ்ந்த உரையின் எழுத்து வடிவம்)



சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை அறியாத குடும்பம் இவ்வவையில் இராது. இளங்கோவடிகள் அங்கே கண்ணகியின் சினத்தை மட்டும் காட்டவில்லை. ஒரு வழக்கு எவ்வாறு நடந்திருக்க வேண்டும் என்பதையும் காட்டுகிறார். அரசியின் சிலம்பில் இருந்தது முத்து. கண்ணகியின் சிலம்பில் இருந்தது மாணிக்கம். உள்ளே இருக்கும் பரல் யாது என்னும் ஒரே வினாவைக் கொலைக்கு முன் எவரேனும் எழுப்பியிருந்தால் கோவலன் பிழைத்திருப்பான். பொற்கொல்லன் சொல்லைக் கேட்க அரசன் இருந்தான். கோவலன் பக்கத்தை எடுத்துரைக்க ஒருவரும் இல்லை. வழக்குரைக்கக் கண்ணகி வந்தபோது அவன் உயிருடன் இல்லை.

குற்றஞ்சாட்டப்பட்டவன் பதினைந்து வயதுச் சிறுவன் என்றால், இத்தகைய வினாவை எழுப்புவோர் இன்னும் அரியர். இதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கே சான்று.

அரிசோனா மாநிலத்தில் குளோப் என்பது ஒரு சிறு நகர். 1964 ஜூன் 8 அன்று காலை, ஜெரால்டு கால்ட் என்னும் சிறுவனைக் காவலர் பிடித்துச் சென்றனர். அவனும் அவன் நண்பனும் தொலைபேசியில் இழிசொல் பேசினர் என்பது அண்டை வீட்டுப் பெண் ஒருவரின் முறையீடு. பெற்றோர் இருவரும் வேலைக்குச் சென்றிருந்தனர். வீட்டில் ஒரு குறிப்புச் சீட்டுக்கூட விட்டுச் செல்லப்படவில்லை. மாலையில் திரும்பிய தாய், மகனைத் தேடிய பிறகே செய்தி அறிந்தார்.

மறுநாள் நீதிபதியின் அறையில் விசாரணை நடந்தது. சத்தியப் பிரமாணம் இல்லை. சொன்னவற்றை எழுதிவைப்பாரும் இல்லை. முறையிட்ட பெண்ணும் வரவில்லை. ஒரு வாரத்தில் நடந்த இரண்டாம் விசாரணையில், இழிசொல் பேசியவன் எந்தப் பையன் என்று அப்பெண்ணே வந்து சொல்லட்டும் எனத் தாய் கேட்டார். அவர் வரத் தேவையில்லை என்று நீதிபதி சொல்லிவிட்டார். எண்ணைச் சுழற்றிக் கருவியை நண்பனிடம் கொடுத்ததுதான் ஜெரால்டு செய்தது என்பது தாயின் கூற்று. அவன் சில சொற்களைப் பேசியதாக ஒப்புக்கொண்டான் என்பது நீதிபதியின் நினைவு. எழுத்தில் பதிவு இல்லாதபோது எது மெய் என்று யார் சொல்வது? சட்டம் அறியாத அந்தத் தாய், சட்டம் அறிந்தவர் எழுப்ப வேண்டிய வினாவைத்தான் எழுப்பினார். ஆயினும் அது எடுபடவில்லை.

இருபத்தொரு வயது வரை அவனைச் சீர்திருத்தப் பள்ளியில் வைக்கத் தீர்ப்பாயிற்று. ஏறத்தாழ ஆறு ஆண்டுகள்! அதே குற்றத்தை வளர்ந்தவர் செய்திருந்தால் 5 முதல் 50 டாலர் வரை அபராதம், அல்லது மிஞ்சிப்போனால் இரண்டு மாதச் சிறை.

அந்த நீதிபதி கொடியவர் அல்லர். 1899இல் சிகாகோவில் முதல் சிறார் நீதிமன்றம் தோன்றியபோதே, நீதிபதி தந்தையைப் போன்றவர் என்னும் கருத்தும் உடன் தோன்றியது. நம் சென்னை மாகாணம் 1920இல், இந்திய மாகாணங்களுள் முதலாவதாக, சிறார் சட்டம் இயற்றியதும் அந்த நல்லெண்ணக் காற்றில்தான். தந்தைக்கும் மகனுக்கும் இடையே வழக்குரைஞர் எதற்கு என்று அக்காலத்தவர் எண்ணினர். ஆனால் பெற்ற தந்தையே சில வேளை விசாரியாமல் அடித்துவிடுவதுண்டு.

சிறார் வழக்குகளில் மேல்முறையீட்டுக்கு அம்மாநிலம் இடம் தரவில்லை. அமீலியா லூயிஸ் என்னும் வழக்குரைஞர் ஆட்கொணர்வு மனு வழியாகப் போராடினார். 1967 மே 15 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குற்றச்சாட்டை முன்கூட்டி அறியவும், வழக்குரைஞரைக் கொள்ளவும், சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யவும், தனக்கெதிராகத் தானே பேசாதிருக்கவும் சிறுவனுக்கும் உரிமை உண்டு என்றது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஏப் ஃபோர்டாஸ். நான்காண்டுகளுக்கு முன், ஏழைக் கைதியான கிடியனுக்காக அதே மன்றத்தில் வாதாடி, வழக்குரைஞரைப் பெறும் உரிமையை வென்று தந்தவரும் அவரே.

உரிமை ஏட்டில் ஏறியது. ஆனால் 1995இல் அமெரிக்க வழக்குரைஞர் சங்கத்தின் ஆய்வறிக்கை, அளவிறந்த வழக்குச் சுமையால் சிறாரின் வழக்குரைஞர்கள் போதிய ஆயத்தமின்றி வாதாடுவதையும், வழக்குரைஞர் வேண்டா என்று சிறாரே எழுதித் தருவதையும் எடுத்துக்காட்டியது. பென்சில்வேனியாவின் லுசர்ன் மாவட்டத்தில் அதன் கோர விளைவு வெளிப்பட்டது. தனியார் காவல் இல்லங்களோடு தொடர்புடையோரிடம் பணம் பெற்ற இரு நீதிபதிகள் சிக்கினர். அங்கே சிறார் பலர், உரிமையை விடுவதாகப் படிவத்தில் ஒப்பமிட்டு, துணையின்றி நின்று, சில நிமிடங்களில் தண்டனை பெற்றிருந்தனர். 2009இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் ஆயிரக்கணக்கான தீர்ப்புகளை இரத்து செய்தது.

சிறுவன் ஏன் ஒப்பமிட்டான் என்று வியப்பவர் வகுப்பறையை நினைத்துப் பார்க்கலாம். ‘புரிந்ததா?’ என்று ஆசிரியர் கேட்டால் புரியாத பிள்ளைதான் முதலில் தலையசைக்கும். காவலர் முன்னும் நீதிபதி முன்னும் அதே தலைதான் அசைகிறது. ஆகவே, விசாரணைக்கு ஐந்து நிமிடம் முன் வராந்தாவில் கட்டைப் புரட்டும் வழக்குரைஞர், பெயரளவில்தான் வழக்குரைஞர். நல்லவர் முன்னரே சென்று பிள்ளையைத் தனியே சந்திப்பார். தலையசைப்பை விடையாகக் கொள்ளாமல், நடந்ததை அவன் சொல்லிலேயே சொல்லச் செய்வார். பெற்றோரின் விருப்பத்தை அன்று, பிள்ளையின் கூற்றையே மன்றத்தில் வைப்பார். பெற்றோருக்கு இது கசக்கலாம்.

நம் நாட்டில் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி, பிடிபட்ட சிறுவனைக் காவல் நிலையக் கொட்டடியில் அடைத்தல் கூடாது; 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும்; பெற்றோருக்கும் அறிவிக்க வேண்டும். சட்ட உதவி கிடைக்கச் செய்வதும் குழுமத்தின் கடமை. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சிறாருக்கு வருமான வரம்பின்றி இலவச வழக்குரைஞர் உண்டு. பதினாறு வயது நிறைந்தவன்மீது கொடுங்குற்றம் சாட்டப்பட்டால், அவனை வளர்ந்தவனாக விசாரிக்கலாமா என்று குழுமம் மதிப்பிடுகிறது. அதற்குச் சட்டம் தரும் காலம் மூன்று மாதம்.

அந்த மூன்று மாதத்தில் முதல் சில வாரங்களைப் பல குடும்பங்கள் ‘மானம் போயிற்றே’ என்று கதவை அடைத்துக்கொண்டும், செல்வாக்குள்ளவரைத் தேடி அலைந்தும் கழித்துவிடுகின்றன. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை நாடலாம். 15100 என்னும் தொலைபேசி எண்ணிலும் அழைக்கலாம். அங்கே முதல் நாளே கேட்க வேண்டியவை இரண்டு: பிள்ளைக்கு அமர்த்தப்பட்ட வழக்குரைஞர் யார்? விசாரணை நாளுக்கு முன் அவர் பிள்ளையைத் தனியே என்று சந்திப்பார்?