சவாரிக் குதிரையின் தளர்ச்சி

நேற்றுவரை காது நிமிர்த்தி நடந்த சவாரிக் குதிரை இன்று நூறடி செல்வதற்குள் பின்தங்குகிறது. இம்மாற்றத்துக்குப் பெரும்பாலோர் காணும் காரணம் சோம்பல். கையாளும் மருந்து சவுக்கு. மாத்தேரான் போன்ற மலைவாசத் தலங்களில் ஒரு குதிரையை நம்பி ஒரு குடும்பமே உண்கிறது. ஆதலின், சவுக்கை எடுக்குமுன் காரணத்தை ஆராய்வது அவசியமாகிறது.

தளர்ச்சி எப்பொழுது தொடங்கிற்று என்பதே முதற் கேள்வி. ஓரிரு நாள் லாயத்தில் ஓய்வாக நின்று, வழக்கமான தானியத்தைக் குறைவின்றித் தின்ற குதிரை, மறுநாள் புறப்பட்ட சிறிது நேரத்தில் வியர்த்துக் கொட்டிப் பின்கால்களை விறைத்து நிற்குமானால், அது தசைகளைப் பற்றிய நோய். இடுப்புத் தசை கட்டைபோல் இறுகியிருக்கும். சிறுநீர் காப்பி நிறமாக இறங்குவதும் உண்டு. நடத்தினால் சரியாகிவிடும் என்று பக்கத்தில் நிற்பவர் எவரேனும் சொல்லத்தான் செய்வார். கேட்கலாகாது. சிதைந்த தசையிலிருந்து வெளியாகும் நிறப்பொருள் சிறுநீரகத்தைக் கெடுக்கும். இறங்கி, சேணத்தைத் தளர்த்தி, நின்ற இடத்திலேயே நிறுத்தி, மருத்துவரை அங்கே வரவழைக்க வேண்டும்.

கோடையில் வியர்வையோடு உப்பும் வெளியேறுகிறது. தண்ணீர் மட்டும் காட்டினால் போதாது. மும்பை, கொல்கத்தா போன்ற புழுக்கம் மிகுந்த ஊர்களில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுவிடுகிறது. பிற குதிரைகள் நனைந்து நிற்க, இது ஒன்று மட்டும் உலர்ந்த தோலுடன் இரைக்கும். நிழலும் குளிர்ந்த நீருமே உடனடி உதவி.

இவ்விரண்டும் இல்லையெனில், குதிரை ஓய்வாக நிற்கும்பொழுது தாடையெலும்பின் அடியில் விரல் வைத்து நாடியை எண்ணுவோம். நிமிஷத்துக்கு 30 முதல் 40 வரை இயல்பு. உடல் வெப்பம் 38.5 டிகிரி செல்ஸியஸைத் தாண்டினால் காய்ச்சல். உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தால் இளஞ்சிவப்பாக இருக்கவேண்டும். வெளிறியிருந்தால் ரத்தம் குன்றியிருக்கிறது. குடற்புழுவும், உண்ணி பரப்பும் கிருமியுங்கூட அப்படிச் செய்யும்.

காய்ச்சலும் வெளிறிய ஈறும் சேர்ந்துவிட்டால், நம் நாட்டில் மறக்கலாகாத நோய் சர்ரா. 1880-இல் கிரிஃபித் எவான்ஸ் என்ற ராணுவக் கால்நடை மருத்துவர், இன்று பாகிஸ்தானில் உள்ள தேரா இஸ்மாயில் கானில், நோயுற்ற குதிரைகளின் ரத்தத்தை உருப்பெருக்கியில் நோக்கி, அதில் நெளியும் நுண்ணுயிரைக் கண்டார். அக்கிருமி இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. மழைக்காலத்திலும் அதை அடுத்தும் பெருகும் கடியீக்கள் அதனைப் பரப்புகின்றன. ஒட்டகத்திலும் எருமையிலும் அது வெளித்தெரியாமல் தங்கியிருக்கக்கூடும்.

இந்நோயின் வஞ்சகம் இதுதான்: குதிரை தீனியை விடாது; ஆயினும் நாளுக்கு நாள் இளைக்கும். காய்ச்சல் வரும், தணியும், மறுபடி வரும். தணிந்த நாளில் 'தேறிவிட்டது' என்று சேணம் கட்டிவிடுகிறார்கள். கால்களும் அடிவயிறும் வீங்கிப் பின்னங்கால் தள்ளாடும்பொழுதுதான் கவலை பிறக்கிறது. காய்ச்சல் ஏறியிருக்கும் வேளையில் எடுத்த ரத்தத்தில் கிருமி எளிதில் அகப்படும்; மற்ற வேளையில் ஒளிந்திருக்கலாம். ஆகவே ஒரு சோதனையில் காணவில்லை என்பதற்காக நோயில்லை என்று முடிவு செய்யலாகாது. காலத்தில் அறிந்தால் ஊசிமருந்து உண்டு.

13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, கடல் கடந்து வந்த குதிரைகள் பராமரிக்கத் தெரிந்தவர் இன்மையால் ஆண்டுதோறும் மடிந்தன என்கிறார். சோற்றோடு இறைச்சியும் சமைத்துப் போட்டார்களாம்! தீனியை விசாரிக்காமல் குதிரையை விசாரிப்பது வீண் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? சொத்தைப் பல்லும் சேணம் அழுத்திய புண்ணும் தளர்ச்சி போலத் தோற்றமளிக்கும். அவற்றையும் தடவிப் பார்த்துவிடுவது நலம்.

வடநாட்டு ஊர்களில் 'பசு சிகித்ஸாலய்' என்ற பலகையைக் கண்டு, மாட்டுக்கு மட்டுமே உரிய இடம் என்று நம்மவர் சிலர் திரும்பிவிடக்கூடும். அச்சொல் அங்கே எல்லா விலங்குகளையும் குறிக்கும். குதிரையையும் தாராளமாக அழைத்துச் செல்லலாம். செல்லும்பொழுது, மூன்று நாள் காலையும் மாலையும் எடுத்த வெப்ப அளவு, அண்மையில் மாற்றிய தீனி, புழுமருந்து கொடுத்த தேதி ஆகியவற்றை ஒரு தாளில் குறித்துக்கொண்டு போகவேண்டும். ரத்தத்தை மேற்கொண்டு சோதிக்க நேர்ந்தால், ஹரியானாவில் ஹிஸாரிலுள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பலாமா என்று மருத்துவரிடமே கேட்டறியலாம். முடிவு வரும்வரை குதிரைக்குச் சவாரி வேண்டாம்.