ஆமை எந்தக் கரையின் பிள்ளை?



திரெங்கானுவின் ரந்தாவ் அபாங் என்றதும் மூத்த நேயர்களுக்குப் பெலிம்பிங் ஆமைதான் நினைவுக்கு வரும். முதுகில் நீளவாட்டில் ஓடும் வரிகள் பெலிம்பிங் பழத்தைப் போல் இருப்பதால் மலாய்க்காரர்கள் வைத்த பெயர் அது. 1956ஆம் ஆண்டில் அந்தக் கடற்கரையோரம் 10,000க்கும் அதிகமான முட்டைக் குழிகள் பதிவாயின. 2000ஆம் ஆண்டுகளிலோ விரல்விட்டு எண்ணும் நிலை வந்துவிட்டது. பல்லாண்டுகளாக முட்டைகள் ஏறக்குறைய முழுவதுமாகத் தோண்டி எடுத்து விற்கப்பட்டன. கடலில் இருந்த ஆமைகளோ மீன்பிடி வலைகளில் சிக்கி மடிந்தன.

இதைக் கேட்டதும் பலருக்கு ஒரு யோசனை எழும். உலகில் வேறெங்கும் இந்த ஆமை இல்லையா? பாப்புவாவிலிருந்து முட்டைகளைக் கொண்டுவந்து இங்கே புதைத்தால் ஆயிற்று!

அது அவ்வளவு சுலபமில்லை என்பதை மரபணு ஆய்வு காட்டிக் கொடுத்தது.

பெண் ஆமை தான் பிறந்த கரைக்கே வந்து முட்டையிடுகிறது என்பது ஒரு கருத்து. இளம் ஆமைகள் அனுபவமுள்ள ஆமைகளின் பின்னால் போய் ஏதோ ஒரு கரையைப் பழகிக் கொள்கின்றன என்பது மற்றொன்று. 1990ஆம் ஆண்டில் அன் மேலன், பிரையன் போவன், ஜான் அவிஸ் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் அட்லாண்டிக், கரீபியன் கடல்களின் பச்சை ஆமைகளைக் கொண்டு இதைச் சோதித்தார்கள். உயிரணுவுக்குள் இருக்கும் மைட்டோகாண்டிரியாவின் மரபணு தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வரும். கூட்டத்தோடு கூட்டமாகப் போகும் ஆமைகள் என்றால் எல்லாக் கரைகளிலும் இந்தத் தாய்வழி அடையாளம் கலந்து கிடக்க வேண்டும். ஆனால் அது கரைக்குக் கரை மாறியிருந்தது. ஒரே கடலில் ஒன்றாக மேய்ந்தாலும், முட்டையிடும் வேளை வந்ததும் அவரவர் தாய்வீட்டுக்குப் புறப்பட்டு விடுகிறார்கள்!

ஆண் ஆமைகள் இந்த விஷயத்தில் அவ்வளவு கறார் இல்லை. வேற்றுக் கரைப் பெண்களோடும் கூடுவதுண்டு. ஆனால் முட்டையிடும் கரையைத் தேர்ந்தெடுப்பது தாய்தானே.

ஆகவே, ஒரு கரை காலியானால் பக்கத்துக் கரை ஆமைகள் வந்து அதை நிரப்பும் என்று எதிர்பார்க்க முடியாது. ரந்தாவ் அபாங் பெலிம்பிங் ஆமைகளின் தாய்வழி மரபணு, பாப்புவா, சாலமன் தீவுகளின் ஆமைகளிலிருந்து வேறுபட்டது. அங்கிருந்து முட்டை கொண்டுவந்தால் இங்கே அற்றுப்போன வம்சம் திரும்பாது. அந்தக் கரைக்கும் அது நஷ்டம்.

வேறு சில இடங்களில் மரபணு ஆய்வு கரைகளை ஒன்று சேர்க்கவும் செய்கிறது. சபாவின் சண்டாக்கானுக்கு எதிரே உள்ள ஆமைத் தீவுகளில் செலிங்கான், குலிசான், பக்குங்கான் கெச்சில் ஆகிய மூன்று மலேசியாவுடையவை. ஆறு பிலிப்பைன்ஸுக்குச் சொந்தம். வரைபடத்தில் நடுவே எல்லைக்கோடு ஓடுகிறது. பச்சை ஆமைகளின் மரபணுவோ இரு பக்கமும் ஒரே குடும்பம் என்கிறது. 1996ஆம் ஆண்டில் இரு நாடுகளும் இதைக் கூட்டுப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தது எவ்வளவு பொருத்தமானது!

சபாவின் மேற்குக் கரையோரம் மந்தனானித் தீவைச் சுற்றி மேயும் இளம் பச்சை ஆமைகளில் பெரும்பாலானவை இந்த ஆமைத் தீவுகளில் பிறந்தவை என்றும் மரபணு ஆய்வு சொல்கிறது. சண்டாக்கானில் இரவெல்லாம் கண்விழித்து முட்டைகளைக் காப்பாற்றிவிட்டு, மந்தனானிக் கடலில் அதே பிள்ளைகளை வலையில் சாகவிட்டால் என்ன பயன்? முட்டையிடும் கரைக்கு மட்டும் காவல் போட்டால் போதும் என்ற பழைய எண்ணம் இங்கேதான் அடிபடுகிறது.

திரெங்கானு மாநில அரசு 2022 ஜூன் மாதத்தில் எல்லா வகைக் கடலாமை முட்டைகளின் விற்பனைக்கும் தடை விதித்தது. அதற்கு முன்பு கோலத் திரெங்கானு பாசார் பாயாங் சந்தையில் முட்டைகள் பகிரங்கமாகவே விற்கப்பட்டு வந்தன. பெலிம்பிங் ஆமைக்கு அந்தத் தடை காலம் கடந்து வந்தது. ஆனால் ரெடாங் தீவில் பச்சை ஆமைகள் இன்னும் கரையேறுகின்றன. தீபகற்ப மலேசியா, சரவாக், சூலு கடல் ஆகிய மூன்று பகுதிகளின் பச்சை ஆமைகளும் தாய்வழி மரபணுவில் வெவ்வேறானவை. பச்சை ஆமைக் குஞ்சு பருவமடைய 20, 30 ஆண்டுகள்கூட ஆகலாம். சபாவில்தான் ஏராளமாக இருக்கிறதே என்று சொல்லி ரெடாங்கின் முட்டைகளை எடுத்துச் சாப்பிட்டால், அந்தக் குழிகளை நிரப்ப சபாவிலிருந்து ஓர் ஆமையும் வரப் போவதில்லை.