சாயத்தூள்: மூச்சில் கவனம்
கிராஞ்சி வட்டார மூத்தோரிடம் ஆற்றிய சுகாதார உரை



உங்களில் சிலர் பாத்திக் ஓவியமும் முடிச்சுச் சாயமும் பழகி வருகிறீர்கள். கைக்கும் மனத்திற்கும் அது நல்ல பயிற்சி. அதில் பயன்படும் சாயத்தைப் பற்றி இன்று பேசுவோம்.

பருத்தித் துணிக்கு இப்போது அதிகம் பயன்படுவது ரியாக்டிவ் சாயம். 1956ல் பிரிட்டனின் ஐசிஐ நிறுவனம் இதை முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டு வந்தது. சலவைச் சோடா போன்ற காரம் சேர்ந்ததும் இச்சாயம் நூலோடு வேதிமுறையில் பிணைந்துவிடும். அதனால்தான் பலமுறை துவைத்தாலும் நிறம் நிற்கிறது.

ஆனால், தூளைச் சுவாசித்தால் அது நம் உடலின் புரதத்தோடும் பிணையக்கூடும். சிலருக்கு அதனால் ஒவ்வாமை உண்டாகி, தும்மல், இருமல், இளைப்பு வரலாம். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால், பிறகு சிறிதளவு தூளே போதும், மூச்சுத் திணறும். சாயப்பட்டறை ஊழியர்கள் பலருக்கு இப்படி ஆஸ்துமா வந்திருக்கிறது.

எனவே இவற்றைக் கடைப்பிடியுங்கள்:

• கரைத்து வைத்த சாயம் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.
• தூளைக் கரைக்கும்போது மின்விசிறியை அணைத்துவிடுங்கள். தூசியைத் தடுக்கும் முகக்கவசமும் கையுறையும் அணியுங்கள்.
• சிந்திய தூளைப் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.
• சமையல் பாத்திரத்தில் சாயம் கலக்காதீர்கள். பேரப்பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.
• கண்ணில் பட்டால் 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவி, மருத்துவரைப் பாருங்கள்.

ஆஸ்துமா உள்ளவர்கள் தூளைத் தொடாமல், கலக்கும் வேலையைப் பிறரிடம் விட்டுவிடுங்கள். இளைப்பு அன்றிரவுகூட வரலாம். அப்போது மருத்துவரிடம் சாயம் கலந்ததையும் சொல்லுங்கள். மூச்சுவிடச் சிரமமாக இருந்தால் உடனே 995ஐ அழையுங்கள்.

சாயமிட்ட துணியை நிறம் கசிவது நிற்கும்வரை அலசிவிட்டால், தாராளமாக உடுத்தலாம்.

மீந்த சாயநீரை வெளிக் கால்வாயில் ஊற்றாதீர்கள். இங்கு மழைநீர்க் கால்வாய்கள் நீர்த்தேக்கங்களுக்குச் செல்கின்றன. நம் பக்கத்திலேயே கிராஞ்சி நீர்த்தேக்கம் இருக்கிறது. கழிவறையில் ஊற்றினால் அது சுத்திகரிப்புக்குப் போகும். திருப்பூரில் சாயக்கழிவு நொய்யல் ஆற்றைக் கெடுத்ததால், 2011ல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. உங்களில் பலர் அறிந்த செய்திதான்.

வண்ணம் துணியில் இருக்கட்டும். நம் மூச்சிலும் குடிநீரிலும் வேண்டாம்.