அறுக்காமல் விட்டவர்களின் கணக்கு



நாம் கூடியிருக்கும் ஆரியசாலையில் தமிழும் மலையாளமும் கலந்தே புழங்குகின்றன. வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் விற்காத கடைத்தெரு தமிழ்நாட்டிலும் இல்லை, கேரளத்திலும் இல்லை. பக்கத்திலிருக்கும் சாலைக் கடைத்தெருவும் விலக்கல்ல. அந்தப் பழக்கம் வாய்க்குள் கொண்டுவரும் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடித்தால் உயிர் பிழைக்குமா என்று கேட்டு, உலகம் இன்றும் எடுத்துக்காட்டும் ஆய்வு ஒன்று இதே திருவனந்தபுரம் மாவட்டத்தில் நடந்தது. காது மூக்கு தொண்டை மருத்துவத்தில் பட்டம் வாங்கும் உங்களிடம் அதை வைத்துத்தான் பேசப்போகிறேன். சொல்ல வந்தது ஒன்றே. தன் கையால் குணமானவர்களை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு ஒரு சிகிச்சை நல்லது என்று அறுவை மருத்துவர் தீர்மானிக்கக் கூடாது. அதே நோயோடு வந்து, அந்தச் சிகிச்சை கிடைக்காமல் போனவர்கள் என்ன ஆனார்கள் என்றும் எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த வேலையை வேறு தேசத்தாருக்கு விட்டுவிடாமல் நாமே செய்ய வேண்டும்.

அனுபவம் போதாதா என்று கேட்கலாம். நம் துறையிலேயே அதற்குப் பழைய பதில் இருக்கிறது. 1934-இல் அமெரிக்கக் குழந்தைகள் நலச் சங்கம் நியூயார்க் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. 11 வயதுப் பிள்ளைகள் 1000 பேரில் 611 பேருக்கு ஏற்கெனவே டான்சில் எடுத்தாகிவிட்டது. மீதி 389 பேரை மருத்துவர்கள் பார்த்து, 174 பேருக்கு எடுக்க வேண்டும் என்றார்கள். வேண்டாம் என்று திருப்பி அனுப்பப்பட்ட 215 பேரை வேறு மருத்துவர்களிடம் காட்டியபோது, அவர்களில் 99 பேருக்கு எடுக்கச் சொன்னார்கள். எஞ்சிய 116 பேரை மூன்றாம் முறையும் காட்டினார்கள். 51 பேருக்கு எடுக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய அதே 45 சதவீதம். இரண்டு முறை நல்ல தொண்டை என்று கழிக்கப்பட்ட பிள்ளைகளிடமும் மூன்றாவது மருத்துவர் அதே அளவு நோயைக் கண்டார். இங்கிலாந்தின் ஹார்ன்சியில் இன்னொன்று நடந்தது. 1928-இல் அங்கே 186 பள்ளிப் பிள்ளைகளுக்கு டான்சில் எடுத்தார்கள். 1929-இல் 12 பேருக்கு மட்டும். ஓராண்டில் பிள்ளைகளின் தொண்டை மாறிவிடவில்லை, பள்ளி மருத்துவ அதிகாரி மாறினார். இந்த மருத்துவர்கள் யாரும் பொய் சொன்னவர்களோ பணத்துக்கு ஆசைப்பட்டவர்களோ என்று நினைக்க எனக்கு எந்தக் காரணமும் இல்லை. பழகிய கண் அப்படித்தான் பார்க்கும். டான்சில் எடுத்த பிள்ளைக்கு அடுத்த வருஷம் தொண்டைவலி குறைந்தால் ஆபரேஷன் பலித்தது என்கிறோம். எடுக்காத பிள்ளைக்கும் வயது ஏற ஏறக் குறைந்திருக்கும். அந்தப் பிள்ளை நம் ஓ.பி.க்குத் திரும்பி வருவதில்லை, அதனால் நம் அனுபவத்திலும் சேர்வதில்லை. குணமாகாதவர்களோ வேறு மருத்துவரைத் தேடிப் போய்விடுகிறார்கள். இருபது வருஷ அனுபவம் என்று நாம் பெருமையாகச் சொல்வதில் இந்த இரண்டு வகையினருமே இல்லை.

இனி நம் மாவட்டத்துக்கு வருவோம். 1996-இல் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையமும், லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையும் சேர்ந்து ஒரு சோதனையைத் தொடங்கின. சங்கரநாராயணன், ராமதாஸ் முதலான மருத்துவர்கள் முன்னின்றார்கள். மாவட்டத்தில் 13 பகுதிகளை எடுத்து, குலுக்கல் முறையில் 7 பகுதிகளில் வாய்ப் பரிசோதனை, 6 பகுதிகளில் வழக்கமான கவனிப்பு என்று பிரித்தார்கள். 35 வயது தாண்டியவர்கள் ஒரு பக்கம் 96,517 பேர், மறுபக்கம் 95,356 பேர். வீடு வீடாகப் போனவர்கள் மருத்துவர்கள் அல்லர். மருத்துவம் படிக்காத பட்டதாரிகள், இதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள். திண்ணையிலோ முற்றத்திலோ ஆளை உட்கார வைத்து, வாயைத் திறக்கச் சொல்லி, கன்னத்தின் உட்புறம், ஈறு, அண்ணம், நாக்கின் இரு ஓரம், நாக்கைத் தூக்கினால் தெரியும் அடித்தளம் என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். வெண்படலமோ செம்படலமோ ஆறாத புண்ணோ இருக்கிறதா, வாய் முழுதாகத் திறக்கிறதா என்று கவனிக்க வேண்டும். சந்தேகம் வந்தால் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். வேலை அவ்வளவுதான். ஸ்கேனும் இல்லை, ரத்தப் பரிசோதனையும் இல்லை.

மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, மூன்று சுற்று. முடிவு 2005-இல் லான்செட் இதழில் வந்தது. பரிசோதித்த பகுதிகளில் 205 பேருக்கு வாய்ப்புற்று தெரியவந்து 77 பேர் அதனால் இறந்திருந்தார்கள். மறுபக்கம் 158 பேருக்கு நோய், 87 பேர் மரணம். தேடிய இடத்தில் நோய் கூடுதலாகத் தென்பட்டது, சாவு குறைந்தது. நோயைச் சீக்கிரம் கண்டுபிடித்தால், தெரிந்த நாளிலிருந்து எண்ணும்போது எல்லோரும் நீண்ட காலம் வாழ்வதுபோலத் தோன்றும். அது வெறும் கணக்குத் தோற்றமாகவும் இருக்கலாம். அதனால்தான் அவர்கள் பிழைத்த ஆண்டுகளை நம்பாமல் இறப்பை எண்ணினார்கள். மொத்த மக்கள்தொகையில் இறப்பு 21 சதவீதம் குறைந்திருந்தாலும், அந்த அளவு தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்பதை அவர்கள் மறைக்கவில்லை. புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களை மட்டும் பார்த்தபோது 34 சதவீதம் குறைந்திருந்தது. அந்த வேறுபாட்டைத் தற்செயல் என்று ஒதுக்க முடியவில்லை. ஊர் முழுக்க எல்லோர் வாயையும் பார்க்காமல், பழக்கம் உள்ளவர்களைத் தேடிப் பார்ப்பதே பயன் தரும் என்பது இதிலிருந்து கிடைத்த பாடம். பணமும் ஆளும் குறைந்த நாட்டுக்கு இதைவிட உதவும் செய்தி எது?

இந்த ஆய்வில் குறையே இல்லையா? உண்டு. 13 பகுதிகள் என்பது குறைவு; அத்தனை குறைவாக இருந்தால் இரு பக்கமும் தொடக்கத்திலேயே ஒத்திருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. இன்னொன்றையும் கவனியுங்கள். 15 ஆண்டு முடிவுகள் 2013-இல் வந்தபோது, பழக்கம் உள்ளவர்களில், பின்னர் நடந்த நான்காம் சுற்றையும் சேர்த்து நான்கு சுற்றுக்கும் தவறாமல் வாயைக் காட்டியவர்களிடம் இறப்பு 81 சதவீதம் குறைந்திருந்தது. இந்த எண்ணைப் பார்த்ததும் கைதட்டத் தோன்றும். ஆனால் நான்கு முறையும் தவறாமல் வாயைக் காட்டியவர் யார்? தன் உடம்பைப் பற்றிக் கவலைப்படுகிறவர், நான்காம் சுற்று வரை உயிரோடும் இருந்தவர். அவரைக் குலுக்கல் தேர்ந்தெடுக்கவில்லை, அவரே தன்னைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார். அதே ஆய்வில், வந்தவர் வராதவர் எல்லோரையும் சேர்த்து எண்ணும்போது, பழக்கம் உள்ளவர்களிடம் குறைவு 24 சதவீதம்தான். இரண்டில் சிறிய எண்ணையே நான் நம்புகிறேன். நீங்களும் அதையே நம்பப் பழக வேண்டும் என்பது என் ஆசை.

அறுவை மருத்துவம் மாத்திரை கொடுப்பதுபோல் இல்லையே, கைத்திறன் ஆளுக்கு ஆள் மாறுமே, அதைக் குலுக்கல் போட்டு எப்படிச் சோதிப்பது என்று மூத்த மருத்துவர்கள் சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. திறன் மாறும் என்பதற்காகவே ஒருவருடைய அனுபவத்தை நம்பாமல் பலரை எண்ண வேண்டியிருக்கிறது. 1981-இல் டென்மார்க்கில் மெனியர் என்னும் உட்காது நோய் உள்ள 30 பேரில் ஒரு பாதிக்கு உட்காதுப் பையில் செய்யும் ஆபரேஷனையும், மறுபாதிக்கு ஒப்பீட்டுக்காகக் காதுக்குப் பின்னால் எலும்பை மட்டும் குடைந்துவிட்டு மூடுவதையும் செய்தார்கள். இரு பக்கமும் பெரும்பாலோருக்கு நோய் தணிந்தது. அந்தக் கணக்கைப் பற்றிய வாதம் பின்னரும் தொடர்ந்தது. அது போகட்டும், மும்பை டாடா நினைவு மருத்துவமனையைப் பாருங்கள். வாய்ப்புற்று தொடக்க நிலையில் இருக்கிறது, கழுத்தைத் தடவினால் எதுவும் தட்டுப்படவில்லை. கட்டியோடு கழுத்து நிணநீர்க் கணுக்களையும் அப்போதே எடுத்துவிடுவதா, கணு வீங்கினால் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதா? கழுத்தைத் திறந்தால் தோளைத் தூக்கும் நரம்பு பாதிக்கப்படலாம், பலருக்கு அது வீண் ஆபரேஷன் என்றது ஒரு தரப்பு. காத்திருந்தால் காலம் கடந்துவிடும் என்றது மறுதரப்பு. பல பத்தாண்டுகளாக இரு தரப்பிலும் பெரிய கைகாரர்கள் இருந்தார்கள். அனில் டி'குரூஸ் குழுவினர் 2004 முதல் குலுக்கல் முறையில் நோயாளிகளைச் சேர்த்து, முதல் 500 பேரின் முடிவை 2015-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். அப்போதே கணு எடுத்தவர்களில் மூன்று ஆண்டு முடிவில் உயிரோடு இருந்தவர்கள் 80 சதவீதம், காத்திருந்தவர்களில் 67.5 சதவீதம். நூறு பேருக்குப் பன்னிரண்டு உயிருக்கு மேல். பல பத்தாண்டு வாதம் ஓர் இந்திய மருத்துவமனையின் பொறுமையான கணக்கால் தீர்ந்தது.

இன்னும் கடுமையான எதிர்ப்பு ஒன்று இருக்கிறது. நோயாளியைச் சோதனைப் பொருளாக்குகிறீர்களே என்பது அது. இதை அறியாதவர்களின் பயம் என்று ஒதுக்கிவிட இந்த நகரத்தில் யாருக்கும் உரிமை இல்லை. 1999-இலும் 2000-இலும் இதே திருவனந்தபுரத்தில், இதே மண்டலப் புற்றுநோய் மையத்தில், வாய்ப்புற்று நோயாளிகள் 26 பேருக்குச் சோதனை மருந்து ஒன்று ஊசியில் செலுத்தப்பட்டது. அது அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவரின் ஆய்வு. பல்கலைக்கழகம் விசாரித்து, தன் நெறிமுறைக் குழுவின் அனுமதி பெறப்படவில்லை, மனிதருக்குக் கொடுக்குமுன் விலங்குகளில் போதிய சோதனை நடக்கவில்லை என்று 2001-இல் அறிவித்தது. ஒரே ஊர், ஒரே நோய், ஏறக்குறைய ஒரே காலம். வீடு வீடாகப் போய் வாயைப் பார்த்த ஆய்வும் அப்போது நடந்துகொண்டிருந்தது. ஆகவே ஆய்வு நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடைக்காது. முன்பே என்ன தெரிந்திருந்தது, யார் அனுமதி கொடுத்தார்கள், நோயாளிக்குப் புரிகிற பேச்சில் சொன்னார்களா, மாட்டேன் என்றால் அவருடைய சிகிச்சை குறையாது என்று தெரிவித்தார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். 2007-இல் இந்தியாவில் மருத்துவச் சோதனைகளுக்கான பதிவேடு தொடங்கியது. நோயாளியைச் சேர்க்குமுன் எதை அளக்கப்போகிறோம் என்று அதில் எழுதிவைத்தால் பிறகு யாருக்கும் தெரியாமல் வசதிக்கேற்ப மாற்ற முடியாது. அதோடு, ஆய்வு செய்யாத மருத்துவரும் சோதனைதான் செய்கிறார் என்பதை மறக்கக் கூடாது. ஹார்ன்சியில் 186 பிள்ளைகளின் தொண்டையில் நடந்ததும் சோதனைதான். முன்பே திட்டமிட்டு ஒப்பிட ஒரு பக்கம் வைக்காத சோதனை.

நேரம் எங்கே என்று கேட்பீர்கள். காலை ஓ.பி. முடிவதற்குள் மதியம் தாண்டிவிடும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் உங்களில் எம்.எஸ். முடித்த ஒவ்வொருவரும் தீசிஸ் எழுதியிருக்கிறீர்கள். அதைத் தேர்வுக்கான சடங்காக்கியது நாங்கள், உங்கள் ஆசிரியர்கள். ஐம்பது நோயாளி, ஆறு மாதம், பைண்டிங், அலமாரி என்று முடித்துவிட்டோம். பத்துக் கல்லூரி மாணவர்கள் ஒரே கேள்வியை ஒரே படிவத்தில் கேட்டிருந்தால் ஐந்நூறு பேர். மும்பைக் கழுத்து ஆய்வு வெளியிட்ட எண்ணிக்கையும் அதுதான்.

கேள்வி எங்கே கிடைக்கும் என்று தேடி அலைய வேண்டாம். திருவனந்தபுரம் ஆய்வில் வாயில் ஏதோ இருக்கிறது, மருத்துவரிடம் காட்டுங்கள் என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள் 5145 பேர். வந்தவர்கள் 3218 பேர். வீட்டுக்கே போய், வாயைப் பார்த்து, நேரில் சொன்ன பிறகும் நூற்றுக்கு முப்பத்தேழு பேர் வரவில்லை. பஸ் செலவா, ஒரு நாள் கூலியா, புற்று என்ற பேச்சுக்குப் பயமா, வலி இல்லையே என்ற நிம்மதியா, துணைக்கு ஆள் இல்லாததா? எந்தக் காரணத்துக்கு எந்த ஏற்பாடு பலிக்கும்? போனில் ஒருமுறை கூப்பிட்டால் போதுமா, பயாப்ஸியை ஊரின் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே எடுத்தால் கூடுதலாக வருவார்களா? இரண்டு ஏற்பாடுகளைக் குலுக்கல் முறையில் பஞ்சாயத்துகளுக்குப் பிரித்துக் கொடுத்து, வந்தவர்களை எண்ணினால் விடை தெரிந்துவிடும். ஆபரேஷன் தியேட்டர்கூட வேண்டாம். கடைக்காரரிடம் தமிழிலும் பக்கத்து வீட்டு அம்மாவிடம் மலையாளத்திலும் பேசத் தெரிந்த, வாய்க்குள் பார்த்தால் நோயைக் கண்டுபிடிக்கத் தெரிந்த பத்துப் பேர் வேண்டும். இந்த அரங்கில் அதற்கு மேலேயே இருக்கிறீர்கள்.