சுவைஞர் வழக்கு: ‘ரோஜா’வும் ‘தேவர் மகனு’ம்

இலக்கிய மன்றத்து மேடையிலே திரையிசையைப் பற்றிப் பேசுவது தகுமோ என ஐயுறுவோர் இந்த அவையிலும் சிலர் இருக்கக்கூடும். அவர்கள் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை ஒருமுறை புரட்டிப் பார்த்தல் நலம். மாதவி ஆடப் புகுமுன்னே ஆடலாசிரியன், இசையாசிரியன், புலவன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என ஒவ்வொருவர்க்கும் உரிய தகுதியை இளங்கோவடிகள் வரிசைபெறக் கூறுகின்றார். கூத்துக்கு இசை செய்யும் பணி யாது, அவ்விசையை எங்ஙனம் எடைபோடுவது என்னும் வினா தமிழுக்குப் புதியதன்று. அன்று அரசவையில் நிகழ்ந்த எடைபோடல் இருபதாம் நூற்றாண்டில் தேநீர்க் கடைப் பலகைக்கு இடம்பெயர்ந்தது.

அத்தகைய எடைபோடல்களுள் மிகப் பெரியது 1992ஆம் ஆண்டில் எழுந்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள் மணிரத்னத்தின் ‘ரோஜா’ வெளிவந்தது. பத்து வாரங்கள் கழித்து, அக்டோபர் 25ஆம் நாள் தீபாவளியை ஒட்டிக் கமல்ஹாசன் எழுதித் தயாரிக்கப் பரதன் இயக்கிய ‘தேவர் மகன்’ வெளிவந்தது. முன்னதற்கு இசை, இருபத்தைந்து அகவை இளைஞரான ஏ.ஆர். ரகுமான், திரைப்படத்தில் அதுவே அவருக்குத் தலைப்படைப்பு. பின்னதற்கு இசை, 1976இல் ‘அன்னக்கிளி’யில் தொடங்கிப் பதினாறு ஆண்டுகள் தமிழ்த் திரையிசையைத் தம் ஆட்சியில் வைத்திருந்த இளையராஜா. அதுவரை மணிரத்னத்தின் படங்கள் அனைத்திற்கும் அவரே இசையமைத்தவர். ரகுமானோ அவருடைய இசைக்குழுவிலேயே விசைப்பலகை வாசித்தவர். வழக்குச் சூடேறுவதற்கு வேறென்ன வேண்டும்?

வடமதுரை போன்ற ஊர்களில் இவ்வழக்கு இன்னும் நெருக்கமானதாயிற்று. இளையராஜா பண்ணைப்புரத்தார். ‘ரோஜா’வுக்குப் பாடல் எழுதிய வைரமுத்து வடுகபட்டியில் வளர்ந்தவர். அன்று அவ்விரண்டு ஊர்களும் மதுரை மாவட்டத்தைச் சேர்ந்தவை. 1985இல் திண்டுக்கல் பிரிந்ததும் அந்த மதுரையிலிருந்தே. 1980இல் ‘நிழல்கள்’ படத்தில் இளையராஜாவின் இசையில் அறிமுகமான வைரமுத்து, சில ஆண்டுகளில் அவரிடமிருந்து பிரிந்தவர். ஆகவே இவ்வழக்கில் அயலார் எவருமிலர். ஒரு வீட்டுப் பங்காளிகளின் சொத்து வழக்கைப் போன்று, இரு பக்கத்தாரையும் ஊரார் உரிமையோடு கடிந்துகொண்டனர்.

வழக்காடியோர் யாவர்? நூற்பாலைக்கு முறைமாற்றிப் பணிக்குச் செல்லும் இளைஞர்கள், கல்லூரி மாணவர்கள், அய்யலூர்ச் சந்தைக்குத் தக்காளி ஏற்றிச் செல்லும் வண்டி ஓட்டுநர்கள், தையற் கடையினர். இராகப் பெயர் அறியாதவர் பலர். எனினும் ஓர் இடையிசையில் வயலின் எங்கே நுழைகின்றது, குழல் எங்கே விலகுகின்றது என்பதை வாயாலேயே வாசித்துக் காட்டும் ஆற்றல் அவர்கட்கு இருந்தது. பல்கலைக்கழகத் திறனாய்வாளர் பலரிடம் இத்தகைய நுண்செவி இல்லை என்பதைச் சொல்லாமல் விடுவதற்கில்லை.

‘ரோஜா’வைப் பழித்தோர் அதனை எந்திர இசை என்றனர். தாளத்தைக் கருவியே போட்டுவிடுகின்றது, ஆளுக்கு அங்கே வேலையில்லை என்றனர். அதில் ஒரு பாதி உண்மை உண்டு. முழு இசைக்குழுவுக்கும் குறிப்புகளை எழுதி வழங்கி, அனைவரையும் ஒருங்கே அமர்த்தி வாசிக்கச் செய்து பதிவு செய்வது இளையராஜாவின் முறை. ஒவ்வோர் ஒலியையும் தனித்தனியே பதிந்து, அடுக்கின்மேல் அடுக்காக ஏற்றி, பின்னர் வேண்டியதைக் கூட்டியும் குறைத்தும் அமைப்பது ரகுமானின் முறை. முன்னது நாதசுவரக் கச்சேரியைப் போன்றது. பின்னது நெசவைப் போன்றது. நெசவைக் கச்சேரியன்று என்று குறைகூறுவது அறிவுடைமையாகாது. ‘தேவர் மக’னைப் பழித்தோரோ, பழைய மெட்டுகளின் தொடர்ச்சி என்று அதனை எளிதாகத் தள்ளினர். இது முன்னதைவிடப் பிழையான கூற்று.

இவ்வழக்கில் எவரும் கருதாத ஒன்று உண்டு. இரு திறத்தாரும் ஒரே கருவியில் கேட்கவில்லை. திருமணம், காதணி விழா, பூப்பு நீராட்டு, கோயில் திருவிழா ஆகியவற்றில் மைக்செட்காரர் வேப்ப மரத்திலோ பனையிலோ கட்டும் குழாய் ஒலிபெருக்கி, மனிதக் குரலையும் நாதசுவரத்தையும் இரண்டு கல் தொலைவுக்குக் கொண்டுசெல்லும். ஆயின் அடித்தாள ஒலிகளை அது விழுங்கிவிடும். ‘ரோஜா’வின் புதுமையோ பெரும்பாலும் அந்த அடித்தாளத்திலும், இடச்செவிக்கும் வலச்செவிக்கும் ஒலியைப் பிரித்துத் தரும் அமைப்பிலும் இருந்தது. திண்டுக்கல்லுக்கு ஓடிய தனியார் பேருந்துகளில் ஓட்டுநரின் தலைக்குமேல் பொருத்திய ஸ்டீரியோவில் அதே பாடல் வேறொரு பாடலாக ஒலித்தது. மரத்தடியில் கேட்டவர் ‘இதில் என்ன இருக்கின்றது’ என்றார். பேருந்தில் கேட்டவர் வியந்தார். இருவரும் பொய் சொல்லவில்லை.

வழக்கின் தீர்ப்புப் போலத் தோன்றியது 1993இல் வந்த தேசிய விருது அறிவிப்பு. நாற்பதாவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த இசையமைப்பாளர் விருது ரகுமானுக்கும், சிறந்த பாடலாசிரியர் விருது ‘சின்னச் சின்ன ஆசை’ பாடலுக்காக வைரமுத்துவுக்கும் கிடைத்தன. ‘தேவர் மகன்’ சிறந்த தமிழ்ப்படமாயிற்று. ‘இஞ்சி இடுப்பழகி’ பாடிய எஸ். ஜானகி சிறந்த பின்னணிப் பாடகியானார். (சிவாஜி கணேசனுக்கு நடுவர் குழுவின் சிறப்பு விருது அறிவிக்கப்பட்டதும், அதை அவர் ஏற்க மறுத்ததும் தனிக்கதை.) இசையமைப்பாளர் விருதில் இருவருக்கும் சமமான வாக்குகள் விழுந்தன. குழுவின் தலைவராக இருந்த பாலு மகேந்திராவின் வாக்கு ரகுமானுக்குச் சென்றது. ‘மூடுபனி’ முதலாகத் தம் படங்களுக்கு இளையராஜாவையே நாடியவர் பாலு மகேந்திரா. இளையராஜாவின் இசையின் அருமையை அவரினும் அறிந்தார் சிலரே. அவ்வாறிருந்தும், புதிதாக வந்தவனின் தலைப்படைப்பு இத்துணைச் சிறப்புடையதாயின் அதனை வாழ்த்த வேண்டும் எனக் கருதினார். நண்பர் மனம் நோகும் என்பதை அறிந்தே இட்ட வாக்கு அது. சுவைஞர்க்கும் திறனாய்வாளர்க்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்க்கு விளக்க இதனினும் நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

தேநீர்க் கடை வழக்கு அத்தீர்ப்போடு முடியவில்லை. முடிந்திருக்கவும் வேண்டியதில்லை. ஆனால் அது தொடக்கமுதலே ஒரு குறையோடு நடந்தது. வழக்காடியோர் கையில் இருந்தது கேசட். படம் சிற்றூர்க் கொட்டகைக்கு வந்து சேருமுன்னே கேசட் வந்துவிடும். கேசட்டில் இருப்பவை பாடல்கள் மட்டுமே. ஒரு கதைமாந்தர் வாயில் திறந்து உள்ளே வரும்போது எழும் இசையும், பேச்சு நின்றபின் தங்கும் மௌனமும் அதில் இல்லை. படத்தின் இசையை எடைபோடுவதாகக் கருதியோர், படத்திலிருந்து பிய்த்தெடுத்த பகுதியையே எடைபோட்டனர்.

‘இஞ்சி இடுப்பழகி’யையே கொள்க. கேசட்டில் அஃதொரு காதற்பாடல். படத்திலோ, வேறொருத்தியை நேசித்திருந்த சக்திவேல், திருமணம் நின்றுபோன பஞ்சவர்ணத்தைச் சூழ்நிலையின் வற்புறுத்தலால் மணந்துகொள்கின்றான். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் நேரே காணவும் தயங்கும் வேளையில், பாடத் தெரியுமா என்று அவன் கேட்க, அவள் கூச்சத்தோடு பாடுகின்றாள். அக்குரல் மேடைக்குரலன்று; அடுப்படியில் தனக்குத்தானே முணுமுணுத்துப் பழகிய குரல். ஐம்பத்து நான்கு அகவையினரான ஜானகி அந்தச் சிற்றூர்ப் பெண்ணின் தயக்கத்தைக் குரலில் கொண்டுவந்தார். மெட்டு எளிமையாக இருப்பதே அங்கே பொருத்தம். அணி மிகுந்திருந்தால் காட்சி பொய்யாகியிருக்கும். ‘பழைய மெட்டு’ என்று பழித்தோர் இதனைக் காணவில்லை.

‘ரோஜா’விலும் இவ்வாறே. தமிழன்றி வேறுமொழி அறியாத நாயகி, கணவனைக் கடத்திச் சென்றபின் காஷ்மீரத்தில் அதிகாரிகள் வாயில்தோறும் நின்று மன்றாடுகின்றாள். அவள் சொல் அங்கே எவர்க்கும் விளங்கவில்லை; உடன்வரும் வழிகாட்டியே மொழிபெயர்க்க வேண்டியிருக்கின்றது. மொழி தோற்ற அவ்விடத்தை இசை நிரப்புகின்றது. முற்பகுதியில் ‘சின்னச் சின்ன ஆசை’யில் உலகையே கேட்ட பெண் இவள் என்னும் நினைவு இருந்தாலன்றி, பிற்பகுதியின் தவிப்பு முழுமை பெறாது. படத்தின் நாட்டுப்பற்று எந்த நாட்டைக் குறிக்கின்றது என அறிஞர்கள் பின்னர் ஆராய்ந்தனர்; தேஜஸ்வினி நிரஞ்சனா 1994இல் எழுதிய கட்டுரை அவற்றுள் புகழ்பெற்றது. தேநீர்க் கடை இசையைப் பேசியது. ஆய்வுலகம் அரசியலைப் பேசியது. இரண்டையும் ஒரே பலகையில் அமர்த்தியிருந்தால் இரண்டும் பயன்பெற்றிருக்கும். மற்றொன்று: மின்மினி என்னும் ஒரே பாடகி ‘சின்னச் சின்ன ஆசை’யையும், சிலம்பின் தொடரைத் தலைப்பிலே தாங்கிய ‘மாசறு பொன்னே வருக’ என்னும் ‘தேவர் மகன்’ பாடலையும் பாடியவர். இரு அணியாரும் ஒரே குரலை உயர்த்திப் பிடித்துத்தான் ஒருவரையொருவர் வைதனர்.

இவ்வழக்கில் கேளாமல் விடப்பட்ட பெரிய கேள்வி ஒன்றும் உண்டு. ‘தேவர் மகன்’ வன்முறைக்கு எதிரான படம். அரிவாளை விடுத்துப் பிள்ளைகளைப் படிக்க வைக்குமாறு நாயகன் இறுதியில் இரந்து கேட்கின்றான். ஆனால் அப்படத்தின் ‘போற்றிப் பாடடி பொண்ணே’ என்னும் பாடல் படத்தை விட்டு வெளியே நடந்தது. ஊர்வலங்களிலும் விழாக்களிலும் ஒரு சாதியின் பெருமைப் பாடலாக அது ஒலித்தது. ஒலிக்கும் தெருவைப் பொறுத்து, கேட்போர்க்கு அஃது அறைகூவலாயிற்று. படம் மூன்று மணி நேரம் வாதாடிச் சொன்னதைப் பாடல் ஐந்து நிமிடத்தில் மறுத்துவிட்டது. மெட்டு வலுவற்றதாயின் இந்த ஆபத்து நேர்ந்திராது. இசையின் வெற்றியே படத்தின் கருத்துக்குத் தோல்வியானதற்கு இதனைப்போல் வேறொன்று சொல்வது கடினம். ‘யார் பெரியவர்’ என்று ஆண்டுக்கணக்கில் வழக்காடியோர், ‘இப்பாடல் யார் தெருவில் என்ன செய்கின்றது’ என்று கேட்கவில்லை. கேட்கும் இடத்தில் இருந்தோரை எவரும் வழக்கில் சேர்க்கவும் இல்லை.

அப்படத்தில் இசக்கி என்றொரு பணியாள் வருகின்றான். வடிவேலு நடித்த பாத்திரம். நாயகன் சொற்கேட்டுப் பூட்டிய கோயிலைத் திறந்து, அதற்கு விலையாகக் கையை இழக்கின்றான். நாயகனுக்காகச் சிறை செல்லவும் முன்வருகின்றான். அவன் வாய்க்குப் படத்தில் ஒரு பாடல் தரப்படவில்லை. முப்பத்தோர் ஆண்டுகள் கழித்து, 2023 ஜூன் மாதம் ‘மாமன்னன்’ இசை வெளியீட்டு விழாவில், கமல்ஹாசன் முன்னிலையிலேயே இயக்குநர் மாரி செல்வராஜ், அந்த இசக்கியே தம் மாமன்னன் என்று கூறினார். ‘தேவர் மகன்’ குறித்து முன்பே கமலுக்குத் திறந்த மடல் எழுதியவர் அவர். மாமன்னனாக நடித்தவரும் வடிவேலுவே. இம்முறை அவர் வாயில் ‘ராசாகண்ணு’ என்னும் பாடல் வைக்கப்பட்டது. அதனை அவரே பாடினார். இசை, ஏ.ஆர். ரகுமான்! 1992இல் எதிரெதிர்த் தட்டில் வைத்து நிறுக்கப்பட்ட இரண்டும் இவ்வாறு ஒரு கதையின் முன்பகுதியும் பின்பகுதியுமாயின. நகைச்சுவைக்கே உரியதென ஊர் முடிவுகட்டியிருந்த அக்குரலிலிருந்து ஒப்பாரி எழுந்தபோது, இரு அணியின் பழைய சுவைஞரும் ஒருசேர அடங்கிக் கேட்டனர்.

திறனாய்வாளர் தயங்கிய இடத்தில் நீதிமன்றம் தயங்கவில்லை. கோயில் விழாக்களில் ஆடல் பாடல் நிகழ்ச்சி நடத்த அனுமதி கோரி வரும் வழக்குகளில், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வழக்கமாக விதிக்கும் நிபந்தனைகளுள் ஒன்று, எந்தச் சாதியையும் சமயத்தையும் கட்சியையும் சார்ந்த பாடல் இடம்பெறலாகாது என்பது. காவல் நிலையத்தில் விழாக் குழுவினர் கையொப்பமிடும் அந்தத் தாள், இசையின் ஆற்றலைப் பற்றி அண்மைக் காலத்தில் எழுதப்பட்ட மிகச் சுருக்கமான திறனாய்வு.

நிபந்தனைகள் வருமுன்னே இதனைத் தம் தொழிலால் அறிந்திருந்தவர் மைக்செட்காரர். அவர் எந்த அணியையும் சேராதவர். மாலைக்குள் வாடகைப் பணம் வந்து, ஒலிபெருக்கிக் குழாய் நெளியாமல் வீடு திரும்ப வேண்டும் என்பதே அவர் கவலை. அறுபது நிமிடக் கேசட்டின் ஒரு பக்கத்தில் ‘தேவர் மகன்’ பாடல்களையும் மறுபக்கத்தில் ‘ரோஜா’ப் பாடல்களையும் பதிந்து வைத்திருப்பார். பெண்ணழைப்புக்கு இந்தப் பக்கம், பந்திக்கு அந்தப் பக்கம். இரு தெருவாரும் வந்து அமரும் பொதுப்பந்தலாயின், முதற்பக்கத்தில் ஒரு பாடலை மட்டும் விரலால் நாடாவை முன்தள்ளிக் கடந்துவிடுவார். எந்தப் பாடல் என்று அவரை எவரும் கேட்டதில்லை.