நுழையும் தோட்டா, தாங்காத எஃகு

பழைய ஆயுதங்களைச் சேகரிப்பவர்களும், பிஸ்டல் கிளப்பில் சேர்ந்து முறையாகச் சுடப் பழகுபவர்களும் நியூசிலாந்தில் உண்டு. அவர்கள் கைக்கு வரக்கூடிய ஒன்று, பிரிட்டிஷ் காலத்து வெப்லி ரிவால்வர். அதை இன்னும் வீரியமான தோட்டாவுக்கு மாற்றிக்கொள்ளலாமா? கூடாது. ஏன் என்று சொல்கிறேன்.

வெப்லியைப் பிரிட்டிஷ் படை 1887-ல் ஏற்றது. அதன் ஆறாம் மாடல் 1915-ல், முதல் உலகப் போரின் நடுவே வந்தது. அதற்குரிய .455 தோட்டா, கனமான ஈயக் குண்டை நிதானமான வேகத்தில் தள்ளுவது. இரண்டாம் போருக்குப் பிறகு இவை ஏராளமாக அமெரிக்கச் சந்தைக்குப் போயின. அங்கே .455 கிடைப்பது அரிது; .45 ஏ.சி.பி. தோட்டாவோ எங்கும் மலிந்து கிடந்தது. அதனால் சிலிண்டரின் பின்பக்கத்தைக் கடைந்து குறைத்து, அந்தத் தோட்டா உட்காரும்படி செய்து விற்றார்கள். கைவேலை சுத்தமானதுதான். குறை சொல்ல வேண்டியது வேலையை அல்ல, அதன் பின்னால் இருந்த கணக்கை.

.455 தோட்டா வெடிக்கும்போது எழும் அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 13,000 பவுண்டு. .45 ஏ.சி.பி.க்கு அனுமதித்த உச்சம் 21,000. ரிவால்வர் தாங்குமா என்று பார்க்க, விற்பனைக்கு முன் வேண்டுமென்றே மிகை அழுத்தத் தோட்டாவை ஒருமுறை வெடித்துச் சோதிப்பார்கள். பர்மிங்ஹாமில் 1813 முதல் இதற்கென்றே ஒரு சோதனைச்சாலை இருக்கிறது. மாற்றிய வெப்லியில் ஒவ்வொரு சுடுதலும் ஏறக்குறைய அந்தச் சோதனை வெடிதான்.

சிலிண்டரைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். வெளிச்சுவரில் ஒவ்வோர் அறைக்கும் ஒரு சிறு பள்ளம் வெட்டியிருக்கும். சுடும் நேரத்தில் சிலிண்டர் நகராமல் பிடிக்கும் கொக்கி அதில்தான் விழும். பல ரிவால்வர்களில் அந்தப் பள்ளம் நேராக அறையின் மேலேயே அமைவதால், எஃகு மிக மெல்லியது அங்கேதான். விரிசல் பெரும்பாலும் அங்கே பிறக்கிறது. வெப்லி நடுவில் மடங்கித் திறப்பது வேறு. சட்டத்தின் மேற்பகுதியைப் பூட்டி வைத்திருப்பது ஒரு தாழ்ப்பாள் மட்டும். “ஐம்பது ரவுண்டு சுட்டேன், ஒன்றும் ஆகவில்லையே” என்று சொல்பவர்கள் உண்டு. உலோகம் களைப்பதை வெளியிலிருந்து கண்ணால் பார்க்க முடியாது.

இந்த ஆபத்தை முன்கூட்டியே யோசித்தவர்களும் இருந்தார்கள். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1935-ல் .357 மேக்னம் தோட்டாவைக் கொண்டுவந்தபோது, .38 ஸ்பெஷலைவிட அதன் கூட்டை ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதலாக நீட்டினார்கள். பழைய ரிவால்வருக்குள் அது போகக் கூடாது என்பதற்காக. அந்த அறையை யாராவது துளைத்து ஆழமாக்கினால், உயிர் காக்க வைத்த தடையையே அவர் உடைக்கிறார்.

அப்படியானால் வீரியமான தோட்டாவுக்கு மாறவே முடியாதா? முடியும், இந்தியாவிலேயே செய்திருக்கிறார்கள். 1960-களில் வங்காளத்தின் இஷாப்பூர் ஆயுதத் தொழிற்சாலை, .303 ரைஃபிளின் வடிவத்தை வைத்துக்கொண்டு 7.62 மி.மீ. தோட்டாவுக்கு ஒரு ரைஃபிள் செய்தது. பழைய துப்பாக்கிகளைத் துளைத்து அல்ல. இன்னும் உறுதியான எஃகில், உடலைப் புதிதாகவே செய்து. எனக்கு மிகவும் மரியாதை தோன்றும் வேலை அது. பட்டறையில் ஒரு தனிமனிதர் செய்யக்கூடியது அல்ல.

நியூசிலாந்துச் சட்டப்படி பிஸ்டலைக் கிளப்பின் அங்கீகரித்த மைதானத்தில்தான் சுடலாம். அங்கே சிலிண்டர் பிளந்தால் துண்டுகள் மேலும் பக்கவாட்டிலும் பறக்கும். அடுத்த வரிசையில் நிற்பவர் மேல் படும். பின்பக்கம் கடைந்த வெப்லியை யாராவது கொண்டுவந்தால் மைதானப் பொறுப்பாளரிடம் சொல்லி நிறுத்துங்கள், கூச்சப்பட வேண்டாம். மாற்றப்படாத வெப்லியைச் சுட ஆசையென்றால், முதலில் உரிமம் பெற்ற துப்பாக்கித் தொழிலாளி ஒருவரிடம் அளந்து பார்க்கக் கொடுங்கள். அதற்குரிய .455 தோட்டாவை இத்தாலியின் ஃபியோக்கி நிறுவனம் தயாரித்து வந்திருக்கிறது.